பயத்தோடுதான் உட்காருவேன்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் மூன்றாம் எண் மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்துவருபவள் அவள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'மூணாம் நம்பர்'. யாராவது பதறிப்போய்க் கூப்பிட்டால், எங்கே இருக்கிறார்கள், மூச்சு இருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வண்டியை அனுப்ப வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை லைனை விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வருடம் மையம் புது நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. இனிமேல் பாதி அழைப்புகளை இயந்திரமே பார்த்துக்கொள்ளும், யார் இருப்பது யார் போவது என்ற பட்டியல் மாதக் கடைசியில் வரும் என்றார்கள். மாதக் கடைசி வந்தது, பட்டியல் வரவில்லை. அடுத்த மாதம் என்றார்கள். அவள் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றாள். தங்கை தினமும் காலையில் ஒரு குரல்செய்தி அனுப்புவாள். "அக்கா, விஷயம் கேள்விப்பட்டியா?" என்று தொடங்கும் செய்தி நல்லதாக இருந்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல், மாடிப்படியில் விழுந்த கணவருக்காக ஒரு அம்மாள் கூப்பிட்டார். வண்டி போய்ச் சேர்ந்து, அழைப்பு முடிந்த அடுத்த நிமிடம் இவளுக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. விரல்கள் மரத்தன. கழிப்பறைக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போகிறோம் என்றே நினைத்தாள்.

எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் கல்லு மாதிரி இருக்கும்மா," என்றார்.

"அப்ப வலிச்சது யாருக்கு?" என்று கேட்டாள் அவள்.

இது பதற்றத்தால் வருவது என்று சொல்லி, அவர் ஆலோசகரிடம் அனுப்பினார்.

இதற்கிடையே மேலாளர் அவளைக் காகித வேலைக்கு மாற்றினார். முதல் நாள் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. மற்ற மேசைகளில் மணி அடித்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள். இரண்டாவது வாரம் வீட்டில் கைப்பேசி அடித்தால் மகளை எடுக்கச் சொன்னாள்.

ஆலோசகருக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி, ஓயாத தும்மல். இந்தப் பெண்ணிடம் என்னத்தைச் சொல்வது என்றுதான் இவள் உட்கார்ந்தாள்.

"உங்க பயம் என்ன சொல்லுது? அது சொல்ற மாதிரியே சொல்லுங்க."

"பேசிட்டிருக்கும்போதே நான் மயங்கி விழுந்துடுவேன். என்னால ஒரு உயிர் போயிடும். வேலையும் போயிடும்."

"சரி, எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல, அது உண்மைதான்னு காட்ட என்ன ஆதாரம் இருக்கு? இல்லைன்னு காட்ட என்ன இருக்கு?"

"எழுதினா பயம் போயிடுமா?"

"போகாது. ஆனா அது சொல்றதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லைன்னு தெரியும்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே நோட்டில் எழுதினாள். உண்மை என்பதன் கீழ்: நெஞ்சு இறுகியது, விரல்கள் மரத்தன. எதிர்ப்பக்கம் எழுத வரும்போது பேனா நின்றது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நடுவில் ஹெட்செட்டைக் கழற்றியதில்லை. மயங்கி விழுந்ததும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகூட அழைப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"அடப்பாவி, இந்தப் பயம் இத்தனை நாளா என்கிட்ட பொய் சொல்லியிருக்கு," என்றாள்.

ஆலோசகர் தும்மிக்கொண்டே சிரித்தார்.

பட்டியல் விஷயத்துக்கு ஆலோசகர் வேறொரு ஏற்பாடு சொன்னார். கவலைக்கு மாலை ஐந்தரையிலிருந்து இருபது நிமிடம் ஒதுக்கிவிட வேண்டும். மற்ற நேரத்தில் அது வந்தால் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு, ஐந்தரைக்கு வா என்று அனுப்பிவிட வேண்டும். நம்மால் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அப்போது செய்யலாம். முதல் வாரம் கவலை நேரம் பார்க்காமல் நுழைந்தது. பிறகு சில நாள் ஐந்தரைக்கு உட்கார்ந்தால், காலையில் குறித்ததில் பாதி எதற்கென்றே அவளுக்கு நினைவில்லை. தங்கைக்கும் நேரம் கொடுத்தாள். "எதுவா இருந்தாலும் அஞ்சரைக்கு மேல சொல்லுடி." "ஆமா, பெரிய கலெக்டர்," என்றாள் தங்கை, ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

கடைசிப் பயிற்சிதான் வீட்டில் வேடிக்கையாகிவிட்டது. படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டு, அதோடு பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவள் மாடிப்படியில் ஐந்துமுறை ஏறி இறங்கினாள். வெல்டிங் வேலை செய்கிற கணவர் கடிகாரத்தோடு கீழே நின்றார். மகள் பக்கத்து அறையிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"ஐயோ மேடம், எங்கப்பா குறட்டை விட்டு வீடே ஆடுது."

மூச்சு வாங்க வாங்க இவள் கேட்டாள்: "பதறாதீங்க. எங்க இருக்கீங்க? அவர் மூச்சு விடுறாரா?"

"மூச்சைத்தான் மேடம் ஊரே கேக்குது."

இதயம் தடதடவென்று அடித்தது. ஆனால் கேள்வி ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஒன்பது நாள் இப்படியே செய்தாள். பத்தாம் நாள், டாக்டரும் ஆலோசகரும் கொடுத்த கடிதத்தோடு மேலாளர் முன் போய் நின்றாள்.

"என் மேசை வேணும் சார்."

"இப்ப எதுக்கும்மா? பட்டியல் வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. உங்களுக்கும் நல்லது. இன்னும் பயம் இருக்குல்ல?"

"இருக்கு சார். பயத்தோடதான் உட்காருவேன். அது போகட்டும்னு காத்திருந்தா ரிட்டையர் ஆயிடுவேன்."

"ஏதாவது ஆயிட்டா?"

"பக்கத்து மேசை நாலாம் நம்பர் அக்கா என்கூட உட்கார்ந்து கேக்கட்டும். நான் தடுமாறினா அவங்க எடுத்துக்கட்டும். ஒரு வாரம் பாருங்க. ஆனா பார்க்காமலே முடியாதுன்னு சொல்லாதீங்க."

மேலாளர் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். சரி என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் அழைப்பு. ஒரு ஆண் குரல். குழந்தையின் தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது. அவள் நெஞ்சு இறுகியது. விரல் நுனி மரத்தது. வந்துவிட்டாயா, இரு, எனக்கு வேலை இருக்கிறது என்று மனதுக்குள் பயத்திடம் சொல்லிக்கொண்டே முகவரியைக் கேட்டு வண்டியை அனுப்பினாள்.

"குழந்தைக்கு என்ன வயசு? அழ முடியுதா, இருமுதா?"

"ரெண்டு வயசு. சத்தமே வரலங்க."

"வண்டி கிளம்பிடுச்சு. நான் சொல்றபடி செய்யுங்க. தலை கீழே சாயுற மாதிரி மடியில குப்புறப் போடுங்க. முதுகுல, ரெண்டு தோளுக்கும் நடுவுல உள்ளங்கையோட அடிப்பக்கத்தால பலமா தட்டுங்க. நான் எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு..."

நாலாம் நம்பர் அக்கா தன் ஹெட்செட்டைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தாள். ஆனால் குறுக்கே பேசவில்லை. நான்காவது தட்டில் லைனில் ஒரு வீறல் கேட்டது. அந்த அழுகையைப் பன்னிரண்டு மேசையும் கேட்டிருக்கும்போல் அவளுக்குத் தோன்றியது. வண்டி போய்ச் சேர்ந்தபின் தண்ணீர் குடித்தாள். அடுத்த அழைப்பை எடுத்தாள்.

பட்டியல் மேலும் ஒருமுறை தள்ளிப்போய், ஏழு வாரம் கழித்து வந்தது. நால்வரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மூன்றாம் மேசை இருந்தது. ஆனால் இருப்பவர்களுக்குப் பாதி நேர வேலைதான் என்று ஒப்பந்தம் நீட்டினார்கள். இங்கேயே கையெழுத்துப் போடுங்கள் என்றார் நிர்வாகத்திலிருந்து வந்தவர். அவளுக்கு நெஞ்சு படபடத்தது, குரல் கம்மியது, அறையில் எல்லோருக்கும் அது கேட்டது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டுத்தான் சொல்லுவேன்," என்றாள் அதே கம்மிய குரலில். "எதுக்கு எங்க நேரத்தைக் குறைக்கிறீங்கன்னு எனக்கு எழுத்துல வேணும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் நாலாம் நம்பர் அக்கா, "எனக்கும்," என்றாள். பிறகு ஏழாம் நம்பர். காகிதங்கள் ஒவ்வொன்றாகக் கைப்பைகளுக்குள் போயின. நிர்வாகத்துக்காரரின் கையில் பேனா மட்டும் மிஞ்சியது.