யார் வீட்டுப் பெண் என்று கேட்காத ஊர்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்கு இதுவரை ஏற்பட்ட ஒரே உண்மையான தடை உறவினர்கள்தான். கடலும் மலையும் பசியும் அல்ல. அட்லாண்டிக் நடுவில் கொலம்பஸுக்கு ஒரு சித்தப்பா இருந்திருந்தால், அவர் கப்பலை ஓரமாக நிறுத்தி இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் ஊறுகாய் பாட்டிலோடு ஸ்பெயினுக்கே திரும்பியிருப்பார். அமெரிக்கா இன்னும் யாருக்கும் தெரியாமல் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதை நான் என் அக்கா லிடியாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் முதுகுப்பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெக்ஸ், உன் தத்துவத்த காலேஜ்ல வெச்சுக்க. எனக்கு பிளான் போட்டுக் குடு" என்றாள்.

லிடியா நர்ஸிங் முடித்துவிட்டாள். டிசம்பர் பதினைந்தாம் தேதி சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர வேண்டும். அதற்கு முன்பு, உடன் படித்த தமிழ்நிலாவுடன் ஒரு சின்னப் பயணம்: முதுகில் ஒரு பை, மூன்று பகல், இரண்டு இரவு, சென்னையில் தொடங்கிப் பாண்டிச்சேரியில் முடிப்பது. இரண்டுக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு முனையில் மயிலாப்பூர் குளம், சாந்தோம் கோபுரம், நாம் வாயைத் திறப்பதற்குள் இரண்டு மடங்கு கட்டணம் சொல்லும் ஆட்டோக்காரர். மறுமுனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர், பிரெஞ்சுப் பெயர் வைத்த தெரு, அந்தத் தெருவில் திண்டிவனத்துக்காரர் விற்கும் பிரெஞ்சு ரொட்டி. இரண்டுக்கும் நடுவில், துரதிர்ஷ்டவசமாக, மரக்காணம். அதாவது எங்கள் வீடு.

"ரெண்டு ராத்திரில ஒரு ராத்திரியாவது அருள்பிரகாசம் பொண்ணுன்னு யாருக்கும் தெரியாத எடத்துல தங்கணும்டா" என்றாள் லிடியா. "இருபத்திரெண்டு வயசாகுது. நீ யாருன்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. யார் பொண்ணுன்னுதான் கேட்டிருக்காங்க. ஆஸ்பத்திரிலயும் அப்பாவோட பெரியம்மா பையன் இருக்காரு. அங்கயும் அதே கததான். நடுவுல ஒரே ஒரு ராத்திரி. அவ்ளோதான் கேக்கறேன்."

அவள் கேட்டது சின்ன விஷயம்போலத் தோன்றும். என் அப்பாவைத் தெரியாதவர்களுக்கு மட்டும்.

அப்பா உப்பளத்திலிருந்து கிளம்பும் லாரிகளுக்கு முறை போடுகிறவர். எந்த டிரைவர் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி சரக்கைப் பற்றியதாக இருக்காது. எந்த ஊரு? அங்க யார் வீடு? உங்க அம்மாவுக்கு எந்த ஊரு? ஐந்தாவது நிமிடத்தில் டிரைவர் மச்சானாகியிருப்பார், அல்லது மாமா. ஒருமுறை ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு டிரைவரிடம் இருபது நிமிடம் முயன்றார். பாஷை தெரியாததால் மட்டுமே அந்த மனிதர் தப்பித்தார். கல்லூரியில் நான் அப்பாவைப்போல நடித்துக்காட்டுவேன். மூன்றாவது கேள்விக்கே வகுப்பு சிரித்து உருளும்.

இப்போது மழைக்காலம். பாத்திகளெல்லாம் தண்ணீர், உப்புக் குவியல்கள் கீற்று போர்த்திப் படுத்திருந்தன. லாரிகள் குறைவு. எனவே அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்தார், கேள்விகளோடு.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒரே கோடாக வரைந்தேன். திட்டத்தின் அடிப்படை விதி எளிது: உறவினர் இருக்கும் ஊரில் தங்கக் கூடாது. தமிழ்நிலாவும் வந்து உட்கார்ந்தாள்.

"கோவளம்" என்றேன்.

"சித்தி" என்றாள் லிடியா. அடித்தேன்.

"மகாபலிபுரம்."

"அம்மாவோட தம்பி. கல்லு சிலை கடை." அடித்தேன்.

"கல்பாக்கம்."

"பெரியப்பா."

"கடப்பாக்கம்?"

"அங்க எங்க மாமா" என்றாள் தமிழ்நிலா. "ஆனா அவரு வீட்ல இருக்க மாட்டாரு."

"அப்பாடா. எங்க இருப்பாரு?"

"பஸ்ல. பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர்."

பத்து நிமிடத்தில் சாலை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. தங்குவதற்குக் கடல் மட்டும் மிச்சம் இருந்தது. அப்போதுதான் பாண்டிச்சேரிக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி அடிபடாமல் கிடப்பதைப் பார்த்தேன். குயிலாப்பாளையம். ஆரோவில்லை ஒட்டிய ஊர். வெள்ளைக்காரர்கள் மொபெட்டில் போய்க் கீரை வாங்குவார்கள். எங்கள் வீட்டார் ஒருவரும் அங்கே பெண் கொடுத்ததில்லை, எடுத்ததில்லை. போனில் தேடியதில், ஒரு பெண்மணி மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுவது தெரிந்தது. லிடியா உடனே முன்பதிவு செய்தாள். செய்துவிட்டுத் தமிழ்நிலாவின் கையைப் பிடித்து அறைக்குள் ஒரு சுற்று ஆடினாள். பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டது.

சாயங்காலம் திட்டத்தை அப்பாவின் முன் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, லாரிச் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தார்.

"மொத ராத்திரி கோவளம், உங்க சித்தி வீடு. சரி" என்றார். அது அவருக்காக நாங்கள் விட்டுக்கொடுத்த இரவு. "ரெண்டாவது ராத்திரி குயிலாப்பாளையம். அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லப்பா" என்றேன் பெருமையாக. "அதுதான் அந்த ஊரோட சிறப்பு."

சமையலறையிலிருந்து அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப வேணாம்" என்றார் அப்பா. அவர் கோபப்படவில்லை. அதுதான் பிரச்சினை, கோபம் என்றால் ஒரு நாளில் இறங்கிவிடும். "ஒரு லோடு உப்பு அனுப்புனா கூட, அந்த முனைல எறக்க ஆள் இருக்கான்னு கேட்டுட்டுதான் அனுப்பறேன்."

"நான் உப்பு மூட்டை இல்லப்பா" என்றாள் லிடியா.

"மூட்டைக்கே அவ்ளோ பாக்கறவன்னு சொல்றேம்மா."

லிடியா அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய், முதுகுப்பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினாள். நான் வாசலில் நின்று ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி நேர்வது அபூர்வம்.

மறுநாள் ரெக்கார்ட் நோட்டு வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். திட்டம் அறிவியல்பூர்வமானது. அந்த விடுதியின் பூட்டு, கேமரா, விளக்கு எல்லாவற்றையும் படமெடுத்து, ஆதாரத்தால் அப்பாவை வெல்வது.

குயிலாப்பாளையத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. மழை விட்ட நேரம் பார்த்து, நாற்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண்மணி மொட்டைமாடியில் படுக்கை விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தார். வாசலில் மாதா படம், அதற்கு மேல் சீரியல் பல்பு.

"எங்க அக்கா லிடியா பேர்ல ரூம் போட்டிருக்கோம். ஒருவாட்டி பாத்துக்கலாம்னு வந்தேங்க."

"பாத்துக்க தம்பி. சாவி ஆணில மாட்டியிருக்குது."

பூட்டை எடுத்தேன். உள்தாழ்ப்பாளை எடுத்தேன். கேமராவை எடுத்தேன். தீயணைப்பானை இரண்டு கோணத்தில் எடுத்தேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து பதினேழு படங்களையும் பார்த்தேன். அப்பா இவற்றைக் கண்ணாடி போட்டு ஒன்று விடாமல் பார்ப்பார். கடைசிப் படம் முடிந்ததும், "சரிப்பா, அங்க யாரு இருக்கா?" என்பார்.

நான் மேலே பார்த்தேன், தெருவைப் பார்த்தேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கல்லூரி நண்பர்கள் நிச்சயமாக இல்லை.

"அக்கா" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உங்களுக்கு சொந்த ஊரு எது?"

"கட்டிக்குடுத்தது இங்க. அம்மா வீடு பெருமுக்கல்."

"பெருமுக்கல்ல யார் வீடுங்க?"

"ஸ்டீபன் வாத்தியார் வீடு. ஏன் தம்பி கேக்கற?"

"சும்மாதான். உங்க அம்மா பொறந்த ஊரு?"

அவர் விரிப்பைக் கொடியில் பாதியாக விட்டுவிட்டுத் திரும்பினார். "நீ எந்த ஊரு?"

"மரக்காணங்க."

"மரக்காணமா? அங்க சவரியம்மாள்னு ஒருத்தவங்க இருப்பாங்களே, கோயிலுக்குப் பின்னாடி தெரு…"

"எங்க அப்பாவோட சித்தி."

"அடப்பாவி! அவங்கதான்டா எனக்கு ஞானத்தாய்! என்னைத் தூக்கிக்கிட்டுப் போயி ஞானஸ்நானம் குடுத்தவங்க! அப்ப நீ உப்பு லாரி அருளண்ணன் பையனா? உங்கப்பாவுக்கு நான் தங்கச்சி மொறடா. சகாயசெல்வின்னு கேட்டுப் பாரு!"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். அப்பாவின் சாதனையைவிட ஒரு நிமிடம் குறைவு.

சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், காபியும் ஐந்து வடையும் வைத்தார் அத்தை. மூன்றாவது வடையில் நான் விஷயத்துக்கு வந்தேன். லிடியாவுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், நேற்று பீரோவில் என்ன அடுக்கினாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு வந்தா நான் யாருன்னு சொல்லக் கூடாது."

"ஆமா அத்தை."

"அவ யாருன்னும் கேக்கக் கூடாது."

"ஆமா."

"சாப்ட்டியான்னு கூடவா?"

"அது கேக்கலாம். வாடகைக்கு வர்றவங்க எல்லாரையும் கேக்கற மாதிரி."

"கஷ்டம்தான்" என்றார் அத்தை. "பாக்கறேன். உங்கப்பா நம்பரப் போடு."

அப்பாவும் அத்தையும் அரைமணி நேரம் பேசினார்கள். அதில் லிடியாவுக்குக் கிடைத்தது கடைசி ஒரு நிமிடம். மீதி, யார் வீடு கட்டினார்கள், யாருக்கு ஆபரேஷன், யார் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது. முடித்ததும் போன் என்னிடம் வந்தது.

"டேய், குயிலாப்பாளையத்துல யாருமில்லன்னு சொன்ன?"

"இப்ப இருக்காங்கப்பா."

மறுமுனையில் இரண்டு முறை இருமல் கேட்டது. அவர் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் இருக்கும். "அக்காகிட்ட நானும் சொல்லல, நீயும் சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா லிடியாவைக் கூப்பிட்டு, "யோசிச்சுப் பாத்தேன். போயிட்டு வாம்மா" என்றார். அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

"எப்படிடா?" என்றாள் தனியாக.

"தர்க்கத்தால்" என்றேன்.

அடுத்த வாரம் புயல் எதுவும் வரவில்லை. முதல் நாள் அவர்கள் மயிலாப்பூரில் நடந்து, சாந்தோமில் மெழுகுவத்தி ஏற்றி, கோவளத்துச் சித்தி வீட்டில் மீன்குழம்பிடம் சரணடைந்தார்கள். இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு அவர்கள் வந்த பஸ் எங்கள் வீட்டு வழியாகப் போனது. அம்மா வாசலில் தூக்குப்பாத்திரத்தோடு நின்றாள். லிடியா சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள். தமிழ்நிலா கையாட்டினாள். தமிழ்நிலாவின் மாமா விசில் ஊதி வண்டியை நிறுத்தி, பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லிடியா கூப்பிட்டாள். போனைக் காதிலிருந்து அரையடி தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"டேய் ரெக்ஸ்! அந்த அக்கா ஆதார் காப்பி மட்டும் வாங்கிட்டு சாவி குடுத்துட்டாங்கடா! எந்த ஊருன்னு கூட கேக்கல! கொஞ்சம் ஒரு மாதிரி ஆளு. நாங்க படியேறும்போது வாய முந்தானையால மூடிக்கிட்டு நிக்கறாங்க."

"பல்வலியா இருக்கும்" என்றேன்.

"டிபனுக்கு ஆளுக்கு எட்டு இட்லி வெச்சாங்க. டூரிஸ்ட் எல்லாருக்கும் அப்படித்தானாம். அத விடு. கீழ காபிக்கடைல ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா, பக்கத்துல உக்காந்து, நீ யாருன்னு தமிழ்லயே கேட்டாங்கடா. யார் பொண்ணுன்னு இல்ல. நீ யாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நர்ஸுன்னு சொன்னேன்." அவள் குரல் திடீரென்று இறங்கியது. "மொத தடவடா. சொல்லிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"உறவினர் இல்லாத ஊரில் இதெல்லாம் சகஜம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு விரலை உயர்த்தி, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டார். நானும் விரலாலேயே நல்லது என்றேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம், மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன்.

"அத்தை, எப்படிப் போகுது?"

"வாய மூடிக்கிட்டு வயிறே வலிக்குதுடா" என்று கிசுகிசுத்தார் சகாயசெல்வி அத்தை. "அவ சிரிக்கும்போது அப்படியே சவரியம்மா சாயல். அதக் கூட சொல்ல முடியல. சரி, மே மாசம் எங்க நாத்தனார் பொண்ணுக்குக் கோயில்ல புதுநன்மை விழா, மொத தடவ நன்மை வாங்கறா. நீங்க எல்லாரும் வரணும்."

சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். வேலிக்கு அப்பால் ஒரு மாடு மட்டும் நின்றது. குரலைத் தாழ்த்தினேன்.

"வர்றோம் அத்தை. நாத்தனார எந்த ஊர்ல கட்டிக்குடுத்திருக்கீங்க? அங்க யார் வீடு?"