இருபதாவது வரிசை

கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்குள் ஒரு சண்டை. நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை எங்களுடையது. பத்தொன்பது வரிசை, வரிசைக்குப் பதினாலு நாற்காலி, மொத்தம் எத்தனை? இந்த மாதிரிக் கணக்கு தினமும் வரும். காகிதத்தைத் தொடக் கூடாது. முதலில் சொல்பவர் ஜெயித்தவர். தோற்றவர் டீ போட வேண்டும்.

என் வீட்டுக்காரர் இருபதுக்கு ஏறிப் போவார். இருபது பதினாலு இருநூற்று எண்பது. கூடுதலாகப் போட்ட ஒரு வரிசையைக் கழித்துவிட்டு இறங்கி வருவார்: இருநூற்று அறுபத்தாறு. நான் பதினாலைப் பாதியாக உடைப்பேன். பத்தொன்பது ஏழு நூற்று முப்பத்து மூன்று, அதை இரட்டித்தால் அதே இருநூற்று அறுபத்தாறு.

"இல்லாத வரிசையைப் போட்டுட்டு அப்புறம் தூக்குறது என்ன கணக்கு?" என்பேன்.

"உனக்கு எதையும் உடைச்சாத்தான் திருப்தி. சமையலறைப் பாத்திரத்தைக் கேட்டா சொல்லும்" என்பார்.

ஐந்தால் வகுப்பதென்றால் மட்டும் இருவருக்கும் ஒரே வழி. இரட்டித்து, கடைசி சைபரைத் தூக்கிவிடுவது. இருநூற்று நாற்பதை வண்டியில் ஐந்து நடையாகப் பிரித்தால் நடைக்கு நாற்பத்தெட்டு. அதிலும் அவர்தான் முந்துவார். முக்கால்வாசி நாள் டீ போட்டது நான்தான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "பழகின விஷயமா கேளுங்க. பதிலை நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, காத்திருங்க" என்றார். காத்திருப்பதற்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் கேட்கிறேன். அவர் இருபதுக்கு ஏறுகிறார், அங்கேயே நின்றுவிடுகிறார். இறங்கி வருவதில்லை. இப்போதெல்லாம் எல்லாப் போட்டியிலும் ஜெயிப்பது நான்தான். இந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரே ஒரு தடவை இந்த மனுஷனிடம் தோற்றால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இன்று ஒரு பள்ளிக்கூட விழா. பத்தொன்பது வரிசை, பதினாலு பதினாலாக. காலையில் அவரிடம் கேட்டேன்.

"இருநூத்தி... எண்பது."

காத்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"போன்ல தட்டினா வந்துட்டுப் போகுது. அப்பாவை ஏம்மா போட்டுப் படுத்துறே?" என்றாள் மகள்.

"உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, இருநூற்று எண்பதையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். வீம்புதான். அவரையும் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போனேன்.

மண்டபத்தில் மேடையிலிருந்து போட்டுக்கொண்டே வந்தார்கள். இருபதாவது வரிசை சரியாகப் பின்வாசலில் வந்து நின்றது. சுமைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது கதவை அடைக்குது. கணக்கு எங்கேயோ இடிக்குதே."

"இடிக்கல. இன்னும் முடியல. கொஞ்சம் பொறுங்க."

என் வீட்டுக்காரரைப் பின்வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். உள்ளே போக வழியில்லை. அந்த வரிசை குறுக்கே நின்றது. சக்கரத்தை நிறுத்தினேன். அவர் நாற்காலிகளைப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகப் பார்த்தார். எத்தனையோ மண்டபங்களில் அப்படிப் பார்த்த கண்தான். இடது கையை நீட்டி, எதிரே இருந்த நாற்காலியின் முதுகைத் தள்ளினார்.

"பதி... னாலு."

நான் விடவில்லை. "பதினாலை என்ன பண்ணணும்?"

"எடு."

சுமைக்காரர் குனிந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். வீட்டுக்காரர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

"எடுத்தா எவ்வளவுங்க?"

அவர் உதடு அசைந்தது. வெளியே ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மண்டபத்துக்காரர் யாரையோ சத்தம் போட்டார். என் நாக்கு நுனியில் விடை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். இன்றைக்கு டீ நான்தான் போட வேண்டும்.