லேட் கட்டடம்

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் நூற்றாண்டு வரலாறு வழவழப்பான தாளில் புத்தகமாக வந்திருக்கிறது. முதலில் இருந்த ஓட்டுக் கொட்டகை தீப்பிடித்துப் போனதாம், உண்மை. பிறகு ஒரு வியாபாரி கல் கட்டடம் கட்டிக் கொடுத்தாராம், அதுவும் உண்மை. மூன்றாவதாக அறிவியல் கூடத்தை மாணவர்களே ஆசையாகக் கட்டினார்களாம். பெருமழையில் அதன் ஒரு பகுதி சரிந்து, சொல்பேச்சுக் கேளாமல் அங்கே ஒதுங்கிய ஒரு மாணவன் இறந்தானாம். இது வடிகட்டின பொய்.

அந்தக் கூடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் லேட் கட்டடம். தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். தாமதமாக வருகிறவர்களைப் பிரம்பால் விளாசுவார். உள்ளங்கை கிழிந்த பிறகு, அதே கையால் செங்கல் சுமந்து வந்து சுவரில் வைக்க வேண்டும். அதிலும் ஒரு வில்லத்தனம். ஒவ்வொருவனுக்கும் சுவரில் தனி இடம். தன் கல்லின் மேல்தான் தன் கல்லை வைக்க வேண்டும். எவன் அதிகம் லேட் என்று அவர் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே! கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பிணைத்தால்தான் சுவர். இது ஒட்டி நின்ற தனித்தனித் தூண்கள்.

எல்லாவற்றிலும் உயரமானது, தூங்குமூஞ்சி என்று நாங்கள் கூப்பிட்டவனின் தூண். அவன் என் அண்ணனின் உயிர்ச் சிநேகிதன். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள் அது அவன் மேலேயே சாய்ந்தது. அவனை இழுக்கப்போன அண்ணனின் வலது கை மேல் பக்கத்துத் தூண் விழுந்தது. சின்ன வகுப்பிலிருந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தூங்குமூஞ்சிக்கு முகமே இல்லை. அண்ணனின் கை கூழாகியிருந்தது. பெரிய சார் பிரம்பை ஓங்கி, "கிளாஸுக்கு ஓடுங்கடா!" என்று கத்தினார். மறுநாள், மழையில் விழுந்தது என்றார். ஊரும் மழை என்றது. மிச்சத்தைக் கொத்தனார் மட்டம் தட்டி, கூரை போட்டு, சாந்து பூசி மூடினார்.

அண்ணனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அன்று மழை இல்லை என்று பெரிய சாரின் குடும்பத்திலிருந்து ஒரு வாய் சொல்ல வேண்டும். பெரிய சார் சாகும்வரை சொல்லவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் பழைய கட்டடங்களை இடிக்கிற தொழில் செய்கிறோம். அவன் மேஸ்திரி, நான் பொக்லைன் ஓட்டுகிறேன். பள்ளியை இடிக்கிற வேலை எங்களுக்கே வந்தது. எனக்குக் கொண்டாட்டம்.

லேட் கட்டடத்தின் கூரையும் மூன்று சுவர்களும் போன பிறகு பள்ளிச் செயலாளர் வந்து இறங்கினார். பெரிய சாரின் மகன், அண்ணனோடு படித்தவர்.

"அந்த ஒரு சுவர் நிக்கட்டும். அப்பா பேர்ல கல்வெட்டு வைக்கணும். பசங்க கட்டின ஞாபகச் சின்னம்."

சாந்தை ஏற்கெனவே கொத்தியிருந்தோம். சுவரில் மேலிருந்து கீழ்வரை நெட்டுக்குத்தாகக் கோடுகள் தெரிந்தன.

"நிக்காது சார். ஒன்னோட ஒன்னு ஒட்டவே இல்ல, பாருங்க. கூரைதான் இதுவரைக்கும் பிடிச்சிட்டு இருந்துச்சு" என்றான் அண்ணன்.

"உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா? மழையில விழுந்ததுக்கு எங்கப்பா என்னய்யா பண்ணுவாரு?"

அண்ணனின் முகம் இருண்டது. "பாப்பா, வண்டிய எடு" என்றான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான்.

செயலாளர் ஓடிப்போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்தார். "எங்க, இடி பாக்கலாம்!"

வண்டியின் அதிர்வில் அவர் தலைக்கு மேலே கோடு அகன்று பொடி உதிர்ந்தது. உயரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன், ஆனால் கத்தவில்லை. விழட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் மண்டை பிளப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அண்ணனும் பொடியைப் பார்த்துவிட்டு ஓடினான். கொல்ல வருகிறான் என்று பயந்த செயலாளர், கீழே கிடந்த கம்பியை எடுத்து அவன் தலையில் வீசினார். காது கிழிந்து தொங்கியது. அண்ணன் நிற்கவில்லை. வாயில் ஒரு குத்து விட்டான், பல் தெறித்தது.

"வெளிய வாடா நாயே, விழுதுடா!"

அவர் அண்ணனின் மொட்டைக் கையைக் கவ்விக் கடித்தார். அண்ணன் முழங்காலால் வயிற்றில் இடித்தான். மடங்கியவரைக் காலரைப் பிடித்து, இருக்கிற ஒரே கையால் தரதரவென்று இழுத்தான்.

நடுத்தூண் குனிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் தனித்தனியாகவே விழுந்தன. செயலாளர் நின்ற இடத்தில் செங்கல் இடுப்பளவு குவிந்தது. அவருடைய ஒரு செருப்பு அதற்குள் போய்விட்டது.

தூசி அடங்கியபோது அண்ணன் அவர் மார்பின் மேல் உட்கார்ந்திருந்தான். அவர் தலைமயிரைப் பிடித்து முகத்தை வானத்துக்குத் திருப்பினான். வெயிலில் கண் கூசியது. அண்ணனின் காதிலிருந்து ரத்தம் அவர் சட்டையில் சொட்டியது.

"சொல்லுடா. மழை பெய்யுதா?"

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தலையைத் தரையில் ஒரு மோது மோதினான்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. மழை பெய்யுதா?"

வேலையாட்கள் சுற்றி நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. செயலாளர் சரிந்து கிடந்த தூண்களைப் பார்த்தார்.

"இல்ல" என்றார், உடைந்த வாயால். "அன்னைக்கும் இல்ல."

அண்ணன் அவரை விட்டுவிட்டு எழுந்தான். தள்ளாடிப் போய்ச் செங்கல் குவியலில் உட்கார்ந்து, ஒரு கல்லைத் தட்டினான்.

"கேட்டியாடா தூங்குமூஞ்சி? மழை இல்லியாம்டா."