முதல் வகுப்பு வீரம்

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: முன்னாள் படைவீரர் பணிப்பதிவேட்டுத் திருத்த ஆணையமானது, பல்லாண்டுகள் ஆழ்ந்து யோசித்து, இடையிடையே டீ குடித்து, கட்டடத்துக்கு இரண்டு தடவை வெள்ளையடித்து, மூன்று தலைவர்களை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்து, கடைசியில் இன்னார் என்கிற ராணுவ டிரைவர் உயிரோடுதான் இருக்கிறார் என்ற முடிவுக்கு வந்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை அவர் நேரில் வந்து அதை மெய்ப்பிக்கவும், தமது மனுவின் மீதான விசாரணையில் கலந்துகொள்ளவும் வேண்டும்.

இந்த மகத்தான செய்தியைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது டிரைவர் சமையலறைத் தொட்டியில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மச்சான் வந்துபோயிருந்தார். மனைவியின் அண்ணன். கறிக்கடை வைத்திருப்பவர். வருஷத்துக்கு ஒரு நாள், தம்பி செத்த தேதியில், கடையைப் பாதியில் மூடிவிட்டுக் குடித்துவிட்டு வந்து தங்கை புருஷனை அடிப்பார். எந்த அலுவலகமும் இப்படியொரு ஒழுங்கைக் கண்டதில்லை. ஆட்டுத்தொடையைக் கட்டையில் போட்டுப் பிளந்து பழகிய கை. எங்கே அடித்தால் எலும்பு, எங்கே அடித்தால் சதை என்று அதற்குத் தெரியும். போன வருஷம் விலா. இந்த வருஷம் கீழ்க்கடைவாய்ப் பல். டிரைவர் கையைத் தூக்கித் தடுத்ததே இல்லை. அடித்து முடித்த பிறகு மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி குடு மாப்ள" என்பார். இவரும் வாயைத் துடைத்துக்கொண்டு போய் மொண்டுவந்து கொடுப்பார்.

மனைவி இத்தனைக்கும் அடுத்த அறையில்தான் இருப்பாள். வந்து தடுக்கமாட்டாள். அண்ணன் கிளம்பியதும் உப்புப் போட்ட வெந்நீரைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். தடுக்காததற்கும் வெந்நீர் வைப்பதற்கும் நடுவே தன்னைப் பற்றி அவள் என்னதான் நினைக்கிறாள் என்பதை டிரைவர் கல்யாணமான நாளிலிருந்து இல்லாவிட்டாலும், சின்னவன் செத்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சின்னவன் அவளுடைய கடைசித் தம்பி. மீசை முளைத்தும் முளைக்காமலும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று நின்றவனை, "என் கண்பார்வையில இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் தன் பிரிவுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர் டிரைவர். வெடிமருந்து வண்டியில் சரக்கு இறக்கி ஏற்றும் மூன்று பையன்களில் ஒருவனாக அவனை அமர்த்திக்கொண்டார். பிறகு நடந்ததை, போர்முனையைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒரு எழுத்தர், டிரைவர் முதுகுத்தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்த நேரத்தில், ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டான்: ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் வண்டி கல்குவாரியில் விழுந்தது, மூவர் பலி.’

டிரைவர் வீட்டில் சொன்ன கதை வேறு. ஷெல் விழுந்த நொடியிலேயே பையன்கள் மூவரும் போய்விட்டார்கள். எரிகிற வண்டி ஆஸ்பத்திரிக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. வெடித்தால் கூண்டோடு கைலாசம். அதனால் ஓட்டிக்கொண்டுபோய்க் குவாரியில் தள்ளினேன். மனைவி கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. மச்சான் மட்டும், "பேப்பர்ல அப்படி இல்லையே மாப்ள" என்றார். பேப்பரில் இருப்பதுதானே நடந்தது.

அந்த ஒரு வரியை அடிக்கவேண்டும். டிரைவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் ஆணையத்தில், ‘நான் கொல்லவில்லை’ என்று விண்ணப்பிக்க வழி கிடையாது. ‘எனக்குப் பதக்கம் வரவேண்டியிருக்கிறது’ என்று விண்ணப்பிக்கத்தான் வழி உண்டு. பதக்கம் கிடைத்தால் அந்த வரி தானாக விழும் என்றார்கள். ஆகவே, ஒரு பித்தளைக் காசுக்கும் ஆசைப்படாத மனிதர் வீரப் பதக்கம் கேட்டு மனுப் போட்டார். நேரில் கண்ட சாட்சி வேண்டும் என்றார்கள். முன்னாள் வீரர் சங்கங்களில் விசாரித்து விசாரித்து, அந்தக் கள ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார். போனில் அவர் குரல் கணீரென்று வந்தது. "பாத்தேனுங்களே! மேட்டு மேலேர்ந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன். பத்தி எரிஞ்சுக்கிட்டே போச்சு, குவாரிக்குள்ள விழுந்துச்சு, வானமே கிழிஞ்ச மாதிரி சத்தம். யாருடா இந்த மகராசன்னு அன்னிக்கே நெனச்சேன்." டிரைவர் போனைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகிற அவசரத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன்" என்றாள். மச்சான் வாசலிலேயே காத்திருந்தார். மாப்பிள்ளை சாட்சியை விலைக்கு வாங்கியிருப்பார் என்பது அவர் சந்தேகம்.

ஆணையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கர்னல். நெஞ்சில் இடம் போதாமல் பதக்கங்கள் வயிற்றுக்கு இறங்கியிருந்தன. குதிரைப் பந்தயத்தைச் சிறப்பாக நடத்தியதற்கு ஒன்று, ரத்ததான முகாமைத் தொடங்கிவைத்ததற்கு ஒன்று, தொடர்ந்து பதக்கம் பெற்றுவந்ததற்காக ஒன்று. இருமினால் பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் கேட்டது. பணிக்காலத்தில் அவர் உடம்பில் பட்ட ஒரே காயம், மடக்கு நாற்காலி மடங்கியதால் ஏற்பட்டது என்று குமாஸ்தாக்கள் பேசிக்கொள்வார்கள். பச்சைத் துணி விரித்த மேஜையில், தேக்கில் செதுக்கிய அவருடைய பெயர்ப்பலகை ஒரு சின்னக் கல்லறை போல நின்றது.

"வீரரே! தாய்மண் உம்மைக் கேட்கிறது. சொல்லும்" என்றார் தலைவர். தாய்மண்ணின் சார்பில் குமாஸ்தா பேனாவைத் திறந்தான்.

டிரைவர் சொன்னார். விடியற்காலையில் ஷெல் விழ ஆரம்பித்தது. முதல் ஷெல்லில் சமையல் கொட்டகை போனது. சமையல்காரரின் கால் மட்டும் பூட்ஸோடு வண்டியின் பானட் மேல் வந்து விழுந்தது. இரண்டாவது, கோவேறு கழுதைகள் கட்டியிருந்த இடத்தில். குடல் சரிந்த கழுதை ஒன்று தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு வட்டமாக ஓடியது. மூன்றாவது, வண்டியின் பின்பக்கம். தார்ப்பாய் பற்றிக்கொண்டது. "உள்ள பூரா பெட்டி சார். ஒண்ணு வெடிச்சா எல்லாம் வெடிக்கும். பின்னாடி மூணு பசங்களும் அந்த அடியிலேயே போயிட்டாங்க. நான் வண்டிய எடுத்தேன்."

"ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். "முகாம் வாசல்ல காவல் நின்ன சிப்பாய் அப்பவே வாக்குமூலம் குடுத்திருக்கான். வண்டி அவனைத் தாண்டினப்போ பின்னாடி ஆளுங்க கத்திக்கிட்டு இருந்தாங்கன்னு. அவங்க உயிரோட இருந்தாங்க. அதுல சந்தேகமே இல்ல."

டிரைவர் திரும்பி மனைவியைப் பார்க்கவில்லை.

"ஆக, கேள்வி ரொம்பச் சுலபம்" என்று தலைவர் விரல்களைக் கோத்துக்கொண்டார். "பின்னாடி ஆள் இருக்கறது உமக்குத் தெரியாதுன்னா, பாக்காம வண்டிய எடுத்தது கவனக்குறைவு. பதிவேடு சொல்றது சரி. எழுந்து போகலாம். தெரியும்னா, தெரிஞ்சே நிறுத்தாம போனீர்னா, அது வீரம். விதி அப்படி. தெரியுமா, தெரியாதா?"

கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சின்னவன் இருந்தான். தார்ப்பாய் உருகி மேலே சொட்டச் சொட்ட அவன் அந்தத் தகரத்தைத் தட்டினான். முதலில் விரல் முட்டியால், வீட்டுக்கதவைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் உள்ளங்கையால். அப்புறம் எதனால் தட்டினான் என்று டிரைவருக்குத் தெரியாது. தகரம் சூடேறி இவர் முதுகோடு ஒட்டிக்கொண்டது. சட்டையும் தோலும் ஒன்றாக வெந்தன. முடி கருகும் வாடையும் அதற்குப் பின்னால் கொழுப்பு எரியும் வாடையும் வந்தன. வாசலில் பிரேக்கை மிதித்திருந்தால் பையன்கள் குதித்திருக்கலாம். வாசலுக்கு இடதுபுறம், கல் எறிந்தால் விழும் தூரத்தில், வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். பிரேக்கில் இருந்த காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தார். குவாரி விளிம்பில் கதவு பிய்ந்து அவரை மட்டும் வெளியே எறிந்தது.

"தெரியும்" என்றார் டிரைவர். "தட்டினான்."

தலைவரின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. "பிரமாதம்! குறிச்சுக்கய்யா! தட்டியும் நிறுத்தவில்லை! தெரியாம இருந்தா ஒண்ணுமே இல்ல, தெரிஞ்சதாலதான் முதல் வகுப்புப் பதக்கம்! அதுல ஒருத்தன் சொந்த மைத்துனன் வேற! ‘உற்றார் எழுப்பிய மரண ஓலத்தையும் துச்சமென மதித்து’… துச்சமெனங்கறதை அடிக்கோடு போடு."

குமாஸ்தா அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே மச்சான் மேஜைக்கு வந்துவிட்டார். கையில் கத்தி இல்லாததால் தலைவரின் பெயர்ப்பலகையை எடுத்தார். நல்ல தேக்கு. முதல் அடியில் டிரைவரின் மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் அறைக்கே கேட்டது. இரண்டாவது காதுக்கு மேலே. மூன்றாவது அடியில் தலைவரின் பெயர் இரண்டாகப் பிளந்தது. அப்புறம் பலகையைப் போட்டுவிட்டு, கீழே விழுந்தவரின் மார்பில் முழங்காலை ஊன்றி, குரல்வளையின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்தார். தொழில் தெரிந்த விரல்கள். தேடவேண்டிய அவசியமே இல்லை.

"தட்டினானாடா? தட்டத் தட்டப் போனியாடா? கவனக்குறைவுன்னுதானடா வருஷத்துக்கு ஒரு நாளோட விட்டேன்!"

"சபையில் ஒழுங்கு!" என்று தலைவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் குதிரைப் பந்தயப் பதக்கம் மேஜைத்துணியில் மாட்டிக்கொள்ள, டீக் கோப்பை, மசிப்புட்டி, தாய்மண்ணின் காகிதங்கள் எல்லாம் தரையில் வந்து விழுந்தன. குமாஸ்தா அதற்கு முன்பே மேஜைக்கு அடியில் இருந்தான். டிரைவரின் கண்ணில் ஓரத்திலிருந்து இருட்டு ஏறிவந்தது. அப்போதும் அவர் கையைத் தூக்கவில்லை.

"அண்ணே, விடு."

மனைவி சொன்னாள். இத்தனை வருஷத்தில் இந்தச் சொல்லை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. மச்சானும் கேட்டதில்லை, அதனாலேயே விரல்கள் தளர்ந்தன. அவர் நகர்ந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவள் தரையில் மண்டியிட்டு, கணவரின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் அழுத்தினாள்.

"எவ்ளோ நேரம் தட்டினான்?"

"வாசல்லேர்ந்து… பாதி தூரம் வரைக்கும்."

"ஏதாவது சொன்னானா?"

"மாமான்னான்."

அவள் கைக்குட்டையை மடித்து, நனையாத பக்கத்தை வைத்து அழுத்தினாள். "நிறுத்தியிருந்தா?"

"இருநூறு பேரும்மா" என்றார் டிரைவர். வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் குழந்தை பேசுவது போல வந்தது. "காலு போனவன், கண்ணு போனவன். எழுந்து ஓடக்கூட முடியாதவங்க. கட்டில் கட்டிலா கெடந்தாங்க."

"இருநூறு பேரு" என்றாள் அவள். அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் போல, தரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்வையை மெல்ல ஓட்டினாள். பெஞ்சில் மச்சானும், "இருநூறு பேரா" என்றார், யாரையும் கேட்காமல்.

"தலையை நிமித்துங்க. உள்ள எறங்கிடப் போவுது" என்றாள் மனைவி. அவளுடைய இன்னொரு கை அவர் நெற்றியில் இருந்தது. சின்னவன் போன பிறகு அந்தக் கை அங்கே வந்ததில்லை. மூக்கு உடைந்தது, காதுக்கு மேலே கிழிந்தது எதுவும் டிரைவருக்கு அப்போது வலிக்கவில்லை. இந்த அறையை விட்டு யாரும் தன்னை எழுப்பிக் கூட்டிப்போகக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஆணையத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. தலைவர் பதக்கத்தைத் துணியிலிருந்து விடுவித்துக்கொண்டு அமர்ந்தார்; குமாஸ்தா மேலே வந்து சாட்சியைக் கூப்பிட்டான். கம்பவுண்டர் தலைக்குச் சாயம் பூசி, சட்டைக்குக் கஞ்சி போட்டு, தரையில் கிடந்தவர்களைத் தாண்டி உற்சாகமாக வந்து நின்றார். எரிந்த வண்டியையும் குவாரியையும் கிழிந்த வானத்தையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். டிரைவரைக் குனிந்து பார்த்து, "நீங்கதானா அது! மகராசன்!" என்று கும்பிட்டார்.

"அன்று உயிர் பிழைத்த நோயாளிகள் இருநூறு பேர் என்பதை உறுதி செய்கிறீரா?" என்றார் தலைவர்.

"நோயாளிங்களா?" கம்பவுண்டர் யோசித்தார். "அவங்க அங்க எங்கீங்க ஐயா இருந்தாங்க? மொத நாள் சாயங்காலமே எல்லாரையும் ஆத்துக்கு அந்தாண்ட மாத்திட்டோமே. உத்தரவு வந்துச்சு. கூடாரத்த அவிழ்க்கத்தான் நாங்க நாலு பேரு மேட்டுல காத்துக்கிட்டிருந்தோம்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. "சார், இருநூறுன்னு எழுதறதா, வேணாமா?"

"இவருக்கு அது தெரியாதே!" என்றார் தலைவர். "வீரம்கறது நெனப்புல இருக்கு, கூடாரத்துலயா இருக்கு? முதல் வகுப்பு. இருநூறுன்னே எழுது, கேக்கறதுக்கு நல்லா இருக்கும். அந்தப் பழைய வரியை அடிச்சிரு."

குமாஸ்தா அளவுகோலை வைத்து நேராக அடித்தான்.

மனைவியின் கை மூக்கிலிருந்து இறங்கியது. கைக்குட்டை தரையில், உடைந்த பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது. டிரைவரின் ரத்தம் மேலுதட்டைத் தாண்டிக் கழுத்துக்கு ஓடியது. யாரும் துடைக்கவில்லை. அறை இப்படித் திடீரென்று அமைதியாகிவிட்டதில் கம்பவுண்டருக்குச் சங்கடமாக இருந்தது. சாட்சியை அரைகுறையாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

"சுத்தமா காலின்னும் சொல்லிட முடியாதுங்க ஐயா" என்றார். "சலவைக்குப் போட வேண்டிய படுக்கை விரிப்பு கொஞ்சம் கெடந்துச்சு."