அந்த ஒரு வரி

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்த பிறகு ஜொவிட்டாவின் குரல் வகுப்பறையின் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. வருஷக்கணக்காக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் பள்ளிக்கூட வேலையை விட்டாள். பிறகு படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்வதே வேலையாயிற்று. அம்மாவும் போய்ச் சேர்ந்ததும், சாந்தோமில் அந்த மாடி வீட்டில் பேச ஆளில்லை. பேசக் குரலும் அதிகமில்லை. அந்தச் சமயத்தில்தான் கேட்கிற வேலை ஒன்று கிடைத்தது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டங்களை நேரலையாகக் காட்டும் ஒரு சேனல். உறுப்பினர்கள் பேசப் பேச, கம்ப்யூட்டர் அதைத் தானாகவே எழுத்தாக்கித் திரையின் அடியில் ஓடவிடும். அது தப்பும் தவறுமாக எழுதுவதை உடனுக்குடன் திருத்துவது ஜொவிட்டாவின் பொறுப்பு. வேலை கொடுத்தது தி. நகரில் கிளை வைத்திருந்த ஒரு பன்னாட்டுக் கம்பெனி. அங்கே காலைக் கூட்டம் தொடங்கும்போது இங்கே சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹெட்போனை மாட்டினால், வீடு முழுக்க மனிதர்கள் பேசுவது போலிருக்கும். கண் எழுத்தின் மேலேயே இருக்கவேண்டும் என்பதால், பேசுகிறவர்களின் படம் மூலையில் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். முகங்களை அவள் கவனித்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குரல்கள்தான்.

அவற்றில் ஒரு குரலுக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள். மொய்ரா கார்ஸ்வெல் என்ற உறுப்பினர், வயதானவர். மற்றவர்கள் கூச்சல் போடும் இடத்தில் அவர் தணிந்து பேசுவார். ஒரு விஷயத்தை ஆரம்பிக்குமுன் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சு கேட்டதும் ஜொவிட்டா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள், வீட்டுக்கு யாரோ வந்துவிட்டது போல.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேற வேண்டும் என்று முன்னால் நின்று கேட்டவர்களில் மொய்ராவும் ஒருவர். வெளியேறி வருஷங்கள் ஆனபின், அன்று கூட நின்றவர்களையே அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பழைய எதிரிகளும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சொந்தக் கட்சியும் ஒதுக்கிவிட்டது. தபால்தலை அளவுப் படத்திலும் அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலியாகக் கிடப்பது தெரிந்தது.

பெரிய கம்பெனிகள் எந்த நாட்டில் சம்பாதிக்கின்றனவோ அங்கேயே வரி கட்டவேண்டும் என்று அவர் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்திருந்தார். அதன் மீது விவாதம் நடந்த நாளில் மந்திரி எழுந்து, அப்படி வரி போட்டால் கம்பெனிகள் வேறு நாட்டுக்குப் போய்விடும், நட்பு நாடுகளும் கோபித்துக்கொள்ளும் என்றார். ஜொவிட்டாவின் காதில் அந்தச் சின்ன மூச்சு கேட்டது.

"வெளியே வந்தால் நம் வரியை நாமே விதிக்கலாம் என்றீர்கள். நம்பி உங்களோடு வந்தேன். இப்போது, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்கிறீர்கள். அப்படியானால் நாம் யாரிடமிருந்து விடுதலை வாங்கினோம்?"

யாரோ சிரித்தார்கள். மொய்ரா நிறுத்தவில்லை.

"நான் இப்போது பேசுவது திரையில் எழுத்தாக ஓடுகிறது. அதைத் திருத்திக்கொண்டிருப்பவர், நான் விசாரித்தவரையில், சென்னையில் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வேலைக்கு வைத்த கம்பெனி தன் லாபத்தை ஒரு குட்டித் தீவில் காட்டுகிறது. என் ஊர் ஆஸ்பத்திரிக்கும் அதில் பங்கில்லை, அவர் ஊர் ஆஸ்பத்திரிக்கும் இல்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே பக்கம்."

சென்னை என்றதைக் கம்ப்யூட்டர் 'ஜென்னி' என்று எழுதியது. ஜொவிட்டா அதை அழித்துச் 'சென்னை' என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. அடுத்தடுத்து யார் யாரோ பேசினார்கள். எழுத்து கன்னாபின்னாவென்று ஓடியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் தி. நகர் ஆபீசிலிருந்து அவளுடைய மேலாளர் அஸ்வத் கூப்பிட்டான்.

"என்னாச்சு மேடம்? கடைசில திருத்தமே வரலையே. உடம்பு சரியில்லையா?"

"அவங்க என்னைப் பத்திப் பேசினாங்க அஸ்வத்."

"அதான் மேடம், மேலேர்ந்து கேக்கறாங்க. லைவ்ல போனது போயிடுச்சு. ரெக்கார்டிங் காப்பில மட்டும் கம்பெனியப் பத்தி வந்த அந்த ஒரு வரிய 'ஒலி தெளிவில்லை'ன்னு போட்டுடுங்களேன். எப்பவும் போடறதுதானே."

"தெளிவாத்தான் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுது மேடம். நான் சொல்றது புரியுதில்ல?"

"புரியுது," என்றாள் ஜொவிட்டா.

போனை வைத்தபிறகு பதிவை ஓடவிட்டாள். அந்த இடம் வந்ததும் ஒரு சொல் விடாமல், காற்புள்ளி முதற்கொண்டு சரிபார்த்து அனுப்பினாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நங்கநல்லூரிலிருக்கும் தம்பி ஆஸ்டினைக் கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது.

மறுநாள் காலை நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனாள். அவள் வழக்கமாக வாங்கும் மீன்காரி தேவானை, சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"லண்டன்ல ஒரு அம்மா என்னைப் பத்திப் பேசினாங்க தேவானை. அவங்க பார்லிமென்ட்ல."

"நெசமாவா! உம் பேர சொல்லிச்சா?"

"பேரு தெரியாதுன்னு சொன்னாங்க."

தேவானை கத்தியை நிறுத்தினாள். "பேரே தெரியலயாம், அப்பால எப்டி உன்னப் பத்தி?"

ஜொவிட்டா விளக்க வாயெடுத்தாள். வரி, தீவு, ஒன்றியம் என்று எங்கே தொடங்கினாலும் நீளமாக இருந்தது. பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவள் குரல் அதில் முழுகிப்போனது.

"காதுல ஒண்ணும் கேக்கல டீச்சர். நாளிக்கு சாவகாசமா சொல்லு," என்று தேவானை மீனைப் பையில் போட்டுக் கொடுத்து, அடுத்த ஆளிடம் திரும்பினாள்.

அந்த வாரக் கடைசியில் அஸ்வத் மறுபடி கூப்பிட்டான்.

"உங்க லாகின நிறுத்திட்டாங்க மேடம். புது சாஃப்ட்வேர் வருதாம், ஆள் குறைக்கறாங்களாம். அப்படித்தான் மெயில்ல போட்டிருக்கு."

"மத்தவங்களுக்கும் நிறுத்திட்டாங்களா?"

அவன் பேச்சை மாற்றி, "உங்கள மாதிரி காது கொடுத்துக் கேக்கறவங்க இங்க யாரும் கிடையாது மேடம்," என்றான். ஜொவிட்டா நன்றி சொன்னாள். அவனுக்குக் கேட்டதோ என்னவோ.

மொய்ராவின் சட்டத் திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு நடந்த நாளில், அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை எல்லோரும் பார்க்கும் வலைத்தளத்தில், திரை நிறையப் படத்தோடு பார்த்தாள். திருத்தத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர் மொய்ரா ஒருவர்தான். தோற்றுவிட்டது என்று சபாநாயகர் அறிவித்தார். மந்திரி பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

திருத்த எதுவும் இல்லாததால் ஜொவிட்டா முதல்முறையாக அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நினைத்ததைவிட வயதாகியிருந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டரில் மேல் பொத்தானை அடுத்த துளையில் மாட்டியிருந்தார். அதனால் கழுத்தோரம் ஒரு பக்கம் தூக்கியும் மறு பக்கம் இறங்கியும் தெரிந்தது. காலையிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, பொத்தான் மாறியிருக்கிறது பார் என்று சொல்ல அங்கேயும் ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

கேமரா வேறு பக்கம் திரும்பியது. ஜொவிட்டா எழுந்திருக்கவில்லை. அது மறுபடி அவர் பக்கம் வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.