தலைவரின் தோள்பட்டை

கனல் நாயகன் திரிசூலுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டதாம். மூன்றாவது மாடியிலிருந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு, டூப் போடாமல், தானே குதித்தாராம். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டபடி ஒரு வீடியோவும் விட்டிருந்தார். அதைப் பார்த்துக் குமணன்சாவடியே கண்ணீர் வடித்தது. குமணன்சாவடி என்றால் அங்கே இருக்கும் அவருடைய ரசிகர் மன்றம். மன்றம் என்றால் முதலில் அதன் செயலாளர், ஷேர் ஆட்டோ ஓட்டும் தேவா.

தேவாவின் மனைவி நாகம்மாவுக்கும் தோள்பட்டை இறங்கித்தான் இருந்தது. அவளுக்காகக் கண்ணீர் விட நாதியில்லை. இத்தனைக்கும் குதித்தவள் அவள்தான்.

நாகம்மா சினிமாவில் சண்டைக் கலைஞர். கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடிப்படியில் உருளுவதும் பைக்கிலிருந்து விழுவதும் அவள் பிழைப்பு. அந்த வேலையும் சும்மா கிடைத்துவிடவில்லை. அவள் வந்த காலத்தில், மீசையை மழித்து, சவுரி வைத்து, புடவை சுற்றிய ஆம்பிளைகள்தான் கதாநாயகிக்காகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கட்டித்தான் சங்கத்தில் கார்டு வாங்கினாள்.

இந்தப் படத்தில் கதை தலைகீழ். திரிசூல் பட்டினி கிடந்து இடுப்பைக் கரைத்திருந்தார். வழக்கமாக அவருக்குக் குதிக்கும் ஆளுக்குக் காய்ச்சல். திரிசூலின் உடுப்பு செட்டிலேயே நாகம்மா ஒருத்திக்குத்தான் பொருந்தியது. ஸ்டண்ட் மாஸ்டர் கோவிந்தராஜ் அவளுக்குத் தாடி ஒட்டவைத்தார். குதித்தாள். மெத்தை கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு துடிக்கையில், ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த திரிசூலுக்குப் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்தார்கள். என்ன நியாயமோ போங்கள்! "வெளிய மூச்சு விட்டா, அப்புறம் எந்த செட்லயும் உனக்கு வேலை கெடையாதும்மா" என்று மேனேஜர் அன்பாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

ஊருக்குச் சொல்லாவிட்டால் போகிறது, கட்டினவனிடமாவது சொல்ல வேண்டாமா? அன்று சாயங்காலமே சொன்னாள். தேவா விழுந்து விழுந்து சிரித்தான்.

"தலைவருக்கு நீ டூப்பா? போம்மே! பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டு இன்னாமா கத வுடற!"

அதுதான் அவளுக்குத் தோளைவிட வலித்தது. உலகம் கைதட்ட வேண்டாம். இவன் ஒருத்தன் நம்பித் தொலைத்தால் போதும் என்று இருந்தது.

அவன் நம்பவில்லை. மாறாக, தலைவர் தோள் குணமாக அம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிடுவதாக நேர்ந்துகொண்டான். ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் ரசிகர்கள் வேன் பிடித்து வருகிறார்கள்.

"நாப்பது பேருக்கு சோறு வடிக்கணும். நேரத்தோட எந்திரி" என்றான்.

ஒற்றைக் கையால் வடித்தாள். அடுப்பைவிட அதிகமாக அவள் வயிறுதான் எரிந்தது.

கோயிலில் கழுவிவிட்ட தரையில் சோற்றைக் கொட்டினார்கள். கையைப் பின்னால் கட்டி, மண்டியிட்டு, வாயாலேயே கவ்விச் சாப்பிட வேண்டும். முடியும்வரை பேசக் கூடாது. தலைவர் புகழைப் பேசியே தொண்டை கட்டியவர்கள் முதல் தடவையாக வாயடைத்துக் கிடந்தார்கள்.

பூசாரி சம்பந்தம் தட்டோடு வந்தார். "யார் பேருக்குப்பா அர்ச்சனை? பேரு, நட்சத்திரம் சொல்லுங்க."

தேவாவின் வாய் நிறையச் சோறு. கண்ணை உருட்டி மனைவிக்கு ஜாடை காட்டினான். நாகம்மா முன்னால் வந்தாள்.

"நாகம்மா, அனுஷ நட்சத்திரம். எடது தோளு சாமி."

சம்பந்தத்துக்கு யார் தோளாக இருந்தால் என்ன? மணியை ஆட்டி, நாகம்மாவின் இடது தோளை அம்மனிடம் உரக்க ஒப்படைத்துவிட்டார்.

நாற்பது தலைகளும் நிமிர்ந்தன. மூக்கிலும் தாடியிலும் பருக்கை. ஆவடிக் கிளைத் தலைவன் கார்த்திகேசன் விரதத்தை மறந்து எகிறினான்.

"இன்னா அண்ணி இது? தலைவரு பேர வுட்டுட்டு உங்க பேர சொல்றீங்க!"

"குதிச்சவ பேரத்தான சொல்லணும்?"

கார்த்திகேசன் வீடியோ எடுக்கப் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "குதிச்சவளா? இதுல பாத்து சொல்லுங்க, குதிச்சது யாரு?"

அதற்குள் தேவா முழங்காலாலேயே நகர்ந்து அவள் காலடிக்கு வந்துவிட்டான். சோற்றை விழுங்கிவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கெஞ்சினான்.

"சொல்லாத நாகு. நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உன் மோவாய்ல தாடி ஒட்ன கோந்து இருந்துச்சு, பாத்தேன். இவனுங்களாண்ட சொல்லிடாத, மானம் பூடும்."

நாகம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெரியுமாம்! தெரிந்துகொண்டேதான் சிரித்தானாம். தெரிந்துகொண்டேதான் நாற்பது பேருக்குச் சோறு வடிக்க வைத்தானாம், படுபாவி!

போன் இன்னும் அவள் முகத்துக்கு எதிரேதான் இருந்தது. மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சும்மா சொன்னேம்பா. உங்க தலைவருதான் குதிச்சாரு. கேட்டா இன்னும் நாலு மாடிலேர்ந்துகூட குதிப்பாரு."

கூட்டம் கைதட்டியது. போன் இறங்கியது. தேவா பெருமூச்சு விட்டு எழுந்திருக்கப் போனான். நாகம்மா நல்ல கையால் அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"எங்க எந்திரிக்கிற? கைய பின்னால கட்டு. இன்னும் சோறு கீதுல்ல? என் தோளுக்கு வேண்டிகினு துன்னு."