நிரந்தர முகவரி

சரிதா கோயம்புத்தூர் கல்லூரி விடுதிக்குக் கிளம்ப இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. எங்கள் பிளாக்கில் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பவும் பெட்டி அடுக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். மற்ற மாதங்களில் என் போன் அடிப்பதேயில்லை.

அவளுடைய அம்மா கஸ்தூரி அத்தை, பழைய நோட்டுகள், பள்ளியில் வாங்கிய கேடயம் என்று எல்லாவற்றையும் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தார்.

"கேடயத்த வச்சிக்கினு அங்க என்னம்மா பண்றது? மெஸ்ல சாம்பார் ஊத்திச் சாப்பிடவா? இங்கியே இருக்கட்டும், தீபாவளிக்கு வந்து பாத்துக்கறேன்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். போன வாரம் ஒரு விஷயத்தைச் சொல்லி, "அவ பஸ் ஏர்ற வரைக்கும் வாயத் தொறக்காத அன்பு. தெரிஞ்சா படிக்கவே போவமாட்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடுதிப் படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டிருந்தது. டவுன்ஷிப்பில் எல்லோரும் அந்த இடத்தில் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் எண்ணைத்தான் எழுதுவோம். சரிதாவும் அதைத்தான் சொன்னாள். என்னால் எழுத முடியவில்லை.

"என்னக்கா, எங்க வூட்டு நம்பர் கூடவா மறந்துபோச்சு?"

அத்தை பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"அத எழுத வேணாம்டி சரிதா. அப்பா ரிடையர் ஆனாலும் ஒரு வருசம் இங்கியே இருக்கலாம்னு உங்கிட்ட சொன்னது பொய். அடுத்த மாசம் குவார்ட்டர்ஸ காலி பண்றோம்."